விறகு அடுப்பு விரிசல் விட்டால்: பூசுவதா, இடிப்பதா?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் தென்பெண்ணையில் வெள்ளம். கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் பக்கம் எங்கள் தெருவில் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் தோட்டத்து அடுப்படிகளில் கணுக்கால் அளவு நின்றது. தண்ணீர் வடிந்ததும் எதிர்வீட்டுக்குப் புதிதாக வாழவந்த பெண் வந்து கூப்பிட்டாள். "அக்கா, எங்க அடுப்பு பொளந்து கெடக்கு. இடிச்சிட்டு புதுசா கட்டிடலாமா?" சென்னையில் வளர்ந்தவள், விறகு அடுப்பைத் தொட்டுப் பழக்கமில்லை. அவளுக்குச் சொன்னதையும் செய்து காட்டியதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

எல்லார் வீட்டிலும் கேஸ் இருக்கிறது. இருந்தாலும் குளிக்க வெந்நீர் போட, நெல் அவிக்க, விசேஷத்துக்கு அண்டா ஏற்ற, அப்புறம் வீட்டுக்குள் வைத்தால் இரண்டு நாளைக்கு வாடை போகாத கருவாட்டுக் குழம்பு வைக்க, தோட்டத்து அடுப்பு இல்லாமல் ஆகாது.

நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அத்தை, அதாவது என் மாமியார், சொன்ன ஒரு வார்த்தையை வைத்துத்தான் இன்று வரைக்கும் அடுப்பைப் பார்க்கிறேன். "அடுப்புக்குச் சேலை கிழிஞ்சிருக்கா, இல்ல ஒடம்பே சரியில்லையா, அத மொதல்ல பாரு." மேல்பூச்சுதான் சேலை. அடித்தளம், சுவர், பாத்திரம் உட்காரும் மூன்று குமிழ்கள், இவை உடம்பு. சேலை எத்தனை முறை கிழிந்தாலும் மாற்றிக்கொள்ளலாம். உடம்பு போயிருந்தால் மேலே எவ்வளவு பூசினாலும் வீண். புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தலைகீழாக முடிவெடுக்கிறார்கள். அசிங்கமாகத் தெரியும் அடுப்பை இடிக்கிறார்கள். பார்க்க அழகாக இருந்து உள்ளே பொக்கையாகிவிட்ட அடுப்பில் கொதிக்கும் உலையை ஏற்றுகிறார்கள்.

முதலில் அடுப்புக்கு ஒரு நாள் லீவு

வடலூர் சத்திய தருமச்சாலையில் 1867 மே 23 அன்று வள்ளலார் ஏற்றி வைத்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. நம் வீட்டு அடுப்புக்கு அந்தப் பொறுப்பெல்லாம் கிடையாது. ஒரு முழு நாள் சும்மா விடுங்கள். சாம்பலுக்கு அடியில் கங்கு மறுநாள் காலை வரை உயிரோடு இருக்கும், அதனால் சாயங்காலம் அணைத்துவிட்டு ராத்திரியே கையை விடாதீர்கள். சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றுவதும் கூடாது. சூடான மண்ணில் தண்ணீர் பட்டால் இல்லாத விரிசலும் வந்துவிடும்.

கொஞ்ச நாளாக எரியாத அடுப்பென்றால் ஒரு குச்சியால் உள்ளே நன்றாகத் துழாவிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். அடுப்பில் பூனை தூங்குகிறது என்று வறுமைக்குச் சொல்வார்கள். மழைக்காலத்தில் பூனை மட்டும் தூங்குவதில்லை; தேள் தூங்கும், ஒரு முறை எங்கள் கொடியடுப்பு, அதாவது பெரிய அடுப்போடு ஒட்டிய பக்க அடுப்பு, அதன் துளைக்குள் குட்டிப் பாம்பே சுருண்டு கிடந்தது. சாம்பலை அள்ளி, தென்னந்துடைப்பத்தால் உள்சுவரில் கரியைத் தேய்த்துத் தள்ளுங்கள். கரி போன பிறகுதான் எது விரிசல், எது வெறும் கோடு என்று தெரியும்.

மண் அடுப்பு: ஐந்து சோதனை

தோட்டத்தில் கட்டியிருப்பது பெரும்பாலும் மண் அடுப்புதான் என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்று, ஒலி. விரல் முட்டியால் சுவரை எல்லா இடத்திலும் தட்டிப் பாருங்கள். கெட்டியாக, அடைத்த மாதிரி கேட்டால் நல்லது. பொக் பொக் என்று கேட்டால் அந்த இடத்தில் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. அந்த இடத்தைக் கரித்துண்டால் வட்டம் போட்டு வையுங்கள்.

இரண்டு, காசு. ஒரு ரூபாய்க் காசின் விளிம்பை விரிசலில் வைத்து அழுத்துங்கள். நுழையவில்லை என்றால் அது சேலைக் கிழிசல். நுழைந்து நின்றால் சந்தேகப்பட வேண்டும். காசே உள்ளே விழுந்துவிட்டால் உடம்பு.

மூன்று, வெளிச்சம். இருட்டிய பிறகு செல்போன் டார்ச்சை அடுப்புக்குள் வைத்து, வாயை ஒரு தட்டால் மூடிவிட்டு வெளியிலிருந்து சுற்றிப் பாருங்கள். சுவர் வழியாக வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் விரிசல் ஊடுருவிவிட்டது. அந்த வழியாகத்தான் நாளைக்கு நெருப்பும் புகையும் வரும். பக்கத்தில் கீற்றுத் தட்டியோ விறகுக் கட்டோ இருந்தால் இது விளையாட்டில்லை.

நான்கு, தண்ணீர்த் தட்டு. வழக்கமாக வைக்கும் பானையைக் குமிழ்கள் மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். அப்புறம் அதன் மேல் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வையுங்கள். தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கினால் குமிழ் தேய்ந்திருக்கிறது அல்லது அடித்தளம் இறங்கியிருக்கிறது. எது என்று கண்டுபிடிப்பது சுலபம். குமிழ் மட்டும் தேய்ந்திருந்தால் அடுப்பின் மேல்விளிம்பு மட்டமாகவே இருக்கும். விளிம்பும் சாய்ந்திருந்தால் கீழே மண் உட்கார்ந்துவிட்டது.

ஐந்து, ஈரம். அடுப்புக்கு ஒட்டிய தரையில் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களில் கல் வைத்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் தாளின் அடிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோர்த்திருந்தால் பூமியிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது. இந்த ஈரம் இருக்கும்வரை பழுதும் பார்க்காதீர்கள், புதிதும் கட்டாதீர்கள்.

எதிர்வீட்டு அடுப்புக்கு இந்த ஐந்தையும் செய்தோம். காசு நுழைந்து நின்றது, வெளிச்சம் தெரியவில்லை, தட்டு மட்டம், ஈரம் மட்டும் பலமாக இருந்தது. பொளந்து கிடக்கிறது என்று அவள் பயந்தது வாய்ப்பக்கத்துப் பூச்சுதான். உடம்பு நன்றாகவே இருந்தது.

ஏன் உடைந்தது என்று கேட்காமல் மண்ணைக் குழைக்காதீர்கள்

அதே விரிசல் அதே இடத்தில் மறுபடி வருகிறது என்பார்கள். காரணம் அப்படியே இருந்தால் வராமல் என்ன செய்யும்? அடுப்பு வாயின் இரண்டு மூலையிலிருந்தும் மேலே ஏறும் கோடுகள் பெரும்பாலும் விறகை இடித்து இடித்துத் திணிப்பதால் வருபவை. குமிழுக்கு நேர் கீழே இறங்கும் விரிசல், அடுப்பு தாங்காத பெரிய அண்டாவை ஏற்றியதால் வருவது. தரையோரம் மண் உதிர்ந்துகொண்டே போனால் மழைச்சாரல் அல்லது கூரைத் தண்ணீர். உட்புறம் சில்லு சில்லாகப் பெயர்ந்தால், பூசிய ஈரம் காயும் முன்னே பெரிய நெருப்பு போட்டிருக்கிறார்கள். உள்ளே மாட்டிய ஈரம் ஆவியாகிப் பூச்சைத் தள்ளிவிடுகிறது.

இன்னொரு காரணத்தை என் தவறாலேயே கற்றேன். அடிக்கடி பூச வேண்டாமே என்று ஒரு தடவை மண் அடுப்பின் மேல் சிமெண்ட் பூசினேன். ஒரு மாதம் ராஜா மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு நாள் அந்தப் பூச்சு ஓடாகப் பெயர்ந்து நேராக ரசத்தில் விழுந்தது. சிமெண்ட் இறுகுவதே தனக்குள் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான். சில நூறு டிகிரி சூட்டில் அந்த நீர் போய்விடும், சிமெண்ட் மாவாகிவிடும். போதாததற்கு மண் ஒரு மாதிரி விரியும், சிமெண்ட் வேறு மாதிரி விரியும். வால் புட்டி, வெள்ளை சிமெண்ட், இரண்டு துண்டைச் சேர்த்துப் பிசையும் எம்சீல் மாதிரிப் பசை, எதுவும் நெருப்புப் படும் இடத்துக்கு ஆகாது. பசை கருகிப் புகையும், அந்தப் புகையில்தான் நீங்கள் சமைப்பீர்கள்.

இப்போது முடிவெடுங்கள்

பூச்சு பிரிந்திருந்தால், வாய் உடைந்திருந்தால், குமிழ் தேய்ந்திருந்தால், காசு நுழையும் விரிசல் ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் பழுது பார்க்கலாம். குமிழ் மூன்றையும் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதுகூட அரை நாள் வேலைதான்.

அடித்தளம் இறங்கியிருந்தால், வாயில் தொடங்கிய விரிசல் குமிழ் வழியாகப் பின்சுவர் வரை போயிருந்தால், தட்டும் இடமெல்லாம் பொக் என்று கேட்டால், உள்ளே வைத்த செங்கல் கையோடு வந்தால் இடித்துவிடுங்கள். வெள்ளத்தில் ஊறி வடிவமே தளர்ந்த பச்சை மண் அடுப்பும் இந்தக் கணக்குதான். இன்னொன்றும் உண்டு. அடுப்பு நன்றாக இருந்து, இருக்கும் இடம் தவறாக இருந்தாலும் இடிக்க வேண்டியதுதான். கீற்றுக் கூரைக்குக் கீழே கைக்கெட்டும் உயரத்தில் தீ எழுகிறதென்றால் அந்த அடுப்பைப் பூசி என்ன பயன்?

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. மண்ணுக்குப் பெரிதாகக் காசில்லை, கூலிக்குத்தான் காசு. ஆளை வைத்துச் செய்தால், பூச ஒரு நாள் கூலி, கட்ட இரண்டு மூன்று நாள் கூலி என்று கணக்குப் போட்டுக் கேளுங்கள். ஒரே வருஷத்தில் மூன்றாவது முறை பூசுகிறீர்கள் என்றால் புதிது கட்டியிருக்கலாம்.

பழுது பார்க்கும் முறை

மண்தான் முக்கியம். கடலூரை ஒட்டிய கேப்பர் மலைப் பக்கத்துச் செம்மண் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மணல் கூடுதல், தனியாகப் பிடிக்காது. ஏரி வண்டல் நன்றாகப் பிடிக்கும், காயும்போது வெடிக்கும். சிறந்தது புற்று மண். கரையான் நுண்ணிய மண்ணாகப் பார்த்து மேலே கொண்டுவந்து எச்சிலால் ஒட்டி வைத்திருக்கும், கல் இருக்காது. வெள்ளிக்கிழமை பால் ஊற்றும் புற்றில் கை வைத்துவிடாதீர்கள்! வரப்பிலோ தோப்பிலோ கைவிட்ட புற்று கிடைக்கும். இல்லாவிட்டால் குயவர் வீடுகளில் பக்குவப்படுத்திய களிமண்ணைக் கேட்டு வாங்கலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு வில்லியனூர் பக்கம்தான் இருக்கிறதே, அங்கே செய்யும் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே உண்டு.

புற்று மண் மூன்று பங்கு, மணல் ஒரு பங்கு, உமி ஒரு பங்கு, சாணம் அரைப் பங்கு. இது எங்கள் வீட்டு அளவு, உங்கள் மண்ணுக்கு ஏற்றபடி மாறும். கடற்கரை மணல் வேண்டாம். உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், நம் கடலோரக் காற்றில் அந்தப் பூச்சு காயவே காயாது. உமி இல்லையென்றால் வைக்கோலை விரல்கணு நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள். மண் சுருங்கும்போது இழுத்துப் பிடிப்பது அதுதான்.

நன்றாக மிதித்துக் குழைத்து, ஈரச்சாக்கால் மூடி இரண்டு நாள் புளிக்க விடுங்கள். பிறகு சுண்டுவிரல் கனத்துக்கு உருட்டி, வளையல் மாதிரி வளையுங்கள். வளையும்போதே உடைந்தால் மணல் அதிகம். வழவழவென்று கையில் ஒட்டினால் களி அதிகம், கொஞ்சம் மணலும் உமியும் சேருங்கள்.

விரிசலை அப்படியே மூடக் கூடாது. பழைய அரிவாள் நுனியால் விரிசலை வாய் அகலமாக, உள்ளே போகப் போகக் குறுகலாகச் செதுக்குங்கள். தூசியைத் தட்டிவிட்டுத் தண்ணீர் தெளித்து ஊறவிடுங்கள். காய்ந்த மண்ணில் ஈர மண்ணை வைத்தால் பழையது புதியதன் நீரை உறிஞ்சிக்கொள்ளும், இரண்டும் ஒட்டாது. மோர் பதத்துக்குக் கரைத்த மண் குழம்பை உள்ளே தடவி, அது காய்வதற்குள் குழைத்த மண்ணைக் கட்டைவிரலால் அழுத்தி அடையுங்கள். ஆழமான இடத்தில் ஒரே மூச்சில் நிரப்பாமல், விரல் கனம் விரல் கனமாக, ஒன்று இறுகிய பிறகு அடுத்ததைப் போடுங்கள். குமிழ், அடுப்பின் விளிம்புக்கு மேல் ஒரு விரல் கனம் நின்றால் போதும். அதிக உயரம் வைத்தால் தீ பானையைத் தொடாமல் பக்கவாட்டில் ஓடிவிடும். குறைந்தால் காற்று இல்லாமல் புகையும்.

நிழலில்தான் காய வேண்டும். பங்குனியில் நாலு நாள் போதும், கார்த்திகையில் பத்து நாளும் போதாது. இந்தக் கரையில் ஐப்பசி, கார்த்திகைதான் பெருமழை. அதனால் அந்தச் சமயத்தில் சின்னக் கீறலை மட்டும் அடைத்துச் சமாளியுங்கள். பெரிய வேலையைத் தைக்குத் தள்ளுங்கள். பொங்கலையொட்டி அடுப்பு போடும் வழக்கம் சும்மா வந்ததில்லை. இடைப்பட்ட நாளுக்கு வாசலில் மூன்று செங்கல் வைத்து எரிக்கலாம். செங்கல்தான், கருங்கல் வேண்டாம். அதில் இருக்கும் குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று விரியும். கல் சில்லாகத் தெறிக்கும். மழைக்குப் பயந்து கரி அடுப்பை அடைத்த அறைக்குள் கொண்டுபோவது அதைவிட ஆபத்து. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

இரும்பு அடுப்பு என்றால்

தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலை ஒட்டிய ஊர்களில் இரும்பு அடுப்பைக் கொல்வது நெருப்பை விட உப்புக்காற்றுதான். துருவைக் கம்பித் தேய்ப்பானால் சுரண்டிவிட்டு, திருப்புளி முனையை வைத்து நன்றாக அழுத்துங்கள். தகடு அசையவில்லை என்றால் பிழைக்கும். பள்ளம் விழுந்தால், ஓட்டை விழுந்தால், அந்தத் தகட்டில் வெல்டிங் பிடிக்காது. பற்றவைக்கும்போதே ஓட்டை பெரிதாகும். கால் ஆடுகிறது, கம்பித்தட்டு வளைந்துவிட்டது என்பதெல்லாம் பட்டறையில் ஒரு மணி நேர வேலை. கம்பித்தட்டு எப்படியும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். வார்ப்பிரும்பு வெடித்திருந்தால் மட்டும் யோசியுங்கள். அதைப் பற்றவைக்கத் தனிக் கம்பியும், முன்னும் பின்னும் மெதுவாகச் சூடேற்றி ஆறவிடும் பொறுமையும் வேண்டும். சாதாரண வெல்டிங் போட்டால் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு வரும்.

பட்டறைக்காரரிடம் ஜி.ஐ. தகடு வேண்டாம் என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். அதன் மேல் இருப்பது துத்தநாகம். சூட்டில் அது புகையும், அந்தப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். பழைய டிரம்மை வெட்டி அடுப்பு செய்து தருகிறேன் என்றால், டிரம்மில் முன்னால் என்ன இருந்தது என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வேண்டாம்.

சிமெண்ட் அடுப்பு

பூந்தொட்டிகளோடு சாலையோரம் விற்கும் வார்ப்பு அடுப்பு. வெடித்தால் ஒட்ட முடியாது. நல்லபடியாக இருக்கும்போதே உள்ளே இரண்டு விரல் கனத்துக்கு மேலே சொன்ன மண்ணைப் பூசி வைத்தால் நெருப்பு நேராகப் படாது, நாள் கூடும். அவ்வளவுதான்.

புகைபோக்கியை மறக்காதீர்கள்

அடுப்பு கெட்டுவிட்டது, ஒரே புகை என்று வருகிறவர்களில் சிலருடைய அடுப்பில் ஒரு பழுதும் இருக்காது. ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு வாயில் காட்டுங்கள். புகை உள்ளே இழுபட்டால் குழாய் திறந்திருக்கிறது. உங்கள் முகத்துக்கே வந்தால் அடைப்பு. பச்சை விறகு எரித்தால் குழாயில் தார் மாதிரிப் பிசுக்கு படியும், ஒரு நாள் அதுவே பற்றி எரியும். வெட்டின சவுக்கை அப்படியே கொண்டுவந்து எரிக்காமல், பிளந்து சில மாதமாவது காயவையுங்கள். பண்ருட்டிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறது என்று முந்திரிக்கொட்டையின் மேல்தோட்டை வீட்டு அடுப்பில் போடவே போடாதீர்கள். அதன் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும், புகை கண்ணையும் தொண்டையையும் அறுக்கும்.

பழைய வீடுகளில் புகைபோக்கியாக ஆஸ்பெஸ்டாஸ் குழாய் நிற்கும். அதை வெட்டவோ துளை போடவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலில் தங்கிவிடும். உடைந்திருந்தால் முழுசாக நனைத்துக் கழற்றச் சொல்லி, இரும்புக் குழாயாக மாற்றுங்கள்.

புதிதுதான் என்று முடிவானால்

பழைய அடுப்பின் மண்ணைக் கொட்டிவிடாதீர்கள். வெந்து சிவந்த மண்ணை இடித்துத் தூளாக்கினால் புதுக் குழைசலில் மணலுக்குப் பதிலாகப் போடலாம். ஒரு தடவை வெந்தது என்பதால் மறுபடி சுருங்காது. தரையிலிருந்து ஒரு முழம் மேடை எழுப்பி அதன் மேல் கட்டுங்கள், அடுத்த வெள்ளத்துக்குத் தப்பும். நெருப்பு படும் உள்வரிசைக்கு மட்டும் நெருப்புச் செங்கல் கிடைத்தால் நல்லது. பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கம் விசாரித்துப் பாருங்கள். விறகு தரையோடு கிடக்காமல் கம்பித்தட்டின் மேல் கிடக்கும்படி வைத்தால் அடியில் காற்று ஓடும், ஊதாங்குழலுக்கு வேலை குறையும்.

பூசியதோ புதியதோ, முதல் நாளே பிரியாணி வேண்டாம். முதல் நாள் நாலு தென்னங்கீற்று மட்டும், பாத்திரம் வைக்காமல். இரண்டாம் நாள் சுள்ளி, மேலே ஒரு குடம் வெந்நீர். மயிரிழைக் கோடுகள் எப்படியும் வரும், பயப்படாமல் மண் குழம்பைத் துணியில் தோய்த்து அழுத்தித் தேய்த்துவிடுங்கள். எதிர்வீட்டுப் பெண் தையில்தான் பூசினாள், நாலாவது நாள் சோறு வடித்தாள். ஒரு வாரம் எரித்த பிறகு மறுபடியும் அந்த ஒரு ரூபாய்க் காசை எடுத்துக்கொண்டு அடுப்பைச் சுற்றி வாருங்கள்.